மாசிக்கு வந்துடுவா

காற்று புகுந்து புடைத்துக்கொண்ட சேலை, நாலு சவுக்குக் கொம்புகளுக்கு நடுவில், யாரோ ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப்போல நிற்கிறது, தேசம்மா அதன் நுனியை இழுத்து முடிச்சுப் போடப் போட அது விரலிலிருந்து நழுவிக் கடல் பக்கம் பறக்கிறது, இருடி, இருடி, என்று அதட்டுகிறாள், சேலையை யாராவது இருடி என்று அதட்டுவார்களா, உள்ளே நிற்கிறவளைத்தான் அதட்டுகிறாள் என்று பக்கத்துக் கூடாரத்துக்காரிக்குத் தெரியும், அவள் கொம்பின் அடியில் மணலைக் குவித்து மிதித்துவிட்டுப் போகிறாள். மாசி மகத்துக்கு மாமல்லபுரத்துக் கடலோரம் முழுக்க இப்படித்தான், தோப்பிலும் ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் சிதறிக் கிடக்கிற இருளர் சனம் மொத்தமும் இந்த ஒரு பௌர்ணமிக்கு இங்கே வந்து இறங்கும், கொம்பு நட்டுச் சுற்றிலும் பழஞ்சேலையைக் கட்டினால் அதுதான் வீடு, கன்னியம்மா கடலுக்குள் இருக்கிறாள், விடியும் நேரம் ஈர மணலில் படி கட்டிப் பூப்போட்டுக் கூப்பிட்டால் எழுந்து வருவாள், அந்தப் படிக்கு முன்னால்தான் தாலி ஏறும், பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், வருஷத்துக்குள் எவள் எவனோடு போயிருந்தாலும் மாசிக்கு இங்கே வந்து நின்றுவிடுவாள், பெரியவர்கள் நாலு வார்த்தை வைவார்கள், வைது முடித்துச் சிரித்துவிட்டு மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுப்பார்கள், மற்ற சாதியில் பெண் ஓடிப்போனால் தலையில் துண்டு விழும், இவர்கள் கடலுக்குப் போகிற நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள்.

அப்படித்தான் காத்திருந்தார்கள். தங்கச்சி காசாம்புவுக்காக அம்மா எட்டியம்மா ஒவ்வொரு மாசிக்கும் இதே இடத்தில், இந்தக் கரும்பாறைக்கு இந்தப் பக்கம், கூடாரம் போடச் சொல்வாள், மூன்று பக்கம் மூடு, தெற்குப் பக்கம் மட்டும் மூடாதடி, செய்யூர்ப் பக்கத்திலேர்ந்து வர்றவ அப்படித்தான் நடந்து வருவா, நம்மளக் காணாம அலையக் கூடாது, என்பாள், மடியில் ஒரு துணிக்கடைப் பை, பைக்குள் மடிப்புக் கலையாத மஞ்சள் சேலை, காசாம்புவின் கல்யாணத்துக்கு வாங்கியது, ஒவ்வொரு வருஷமும் கடலைப் பார்த்துவிட்டு அப்படியே வீடு திரும்பும் சேலை. அம்மாவின் கண்ணில் இப்போது பூ விழுந்துவிட்டது, எதிரே வருகிறவர்கள் எல்லாம் நிழல், ஆனாலும் தெற்கே திரும்பித்தான் உட்கார்ந்திருக்கிறாள், காசாம்பு வரமாட்டாள் என்பது தேசம்மாவுக்குக் கார்த்திகையிலேயே தெரியும், இந்தக் கடற்கரையில் அம்மா ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் தெரியும், அம்மாவின் நெஞ்சு பலவீனம், அதிர்ச்சியான சேதி சொல்லாதீங்க என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு குடியிருப்பே வாயைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறது, ஆனால் வருகிற திங்கட்கிழமை அம்மா நீதிபதி முன்னால் நின்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும், வக்கீலம்மா சொல்லிவிட்டாள், தேசம்மா, எலும்பு உங்க தங்கச்சியோடதுன்னு சொல்றதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, அவந்தான் புதைச்சான்னு சொல்றதுக்கு உங்கம்மா காதால கேட்டது ஒண்ணுதான் இருக்கு, அவங்க வரலன்னா அவன் கைய வீசிக்கிட்டுத் தப்பிச்சுப் போயிடுவான். எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது, மூன்று மாதமாய்த் தேசம்மா சோறு போடும்போதும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் வாயைத் திறக்கிறாள், உப்பு போதுமாம்மா என்றுதான் வருகிறது.

காசாம்பு இருந்தால் பளிச்சென்று சொல்லியிருப்பாள், அவளுக்கு எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது, எக்கா, ஒன் புருசன் கொறட்டைக்குச் சாரப்பாம்பே ஊரக் காலி பண்ணிக்கினு போவுது, என்று மாமன் ஏழுமலையை வைத்துக்கொண்டே சொல்வாள், ஏழுமலை, போவட்டும், ஒன்னக் கட்டப்போறவன் செவிடனாத்தான் கெடைப்பான், என்பான், அவள் சிரிக்கிற சிரிப்பில் நாய் எழுந்து வாலை ஆட்டும், வரப்பில் எலி வளை பார்த்தால் முதலில் ஓடுகிறவள் அவள், ஒருத்தி வளையை வெட்ட, மற்றவர்கள் சுற்றியிருக்கிற ஓட்டைகளில் எல்லாம் ஆளுக்கொன்றாய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ள வேண்டும், அடச்சுக்கோ, அடச்சுக்கோ, என்று அவள் கத்துகிற கத்தலுக்குக் கால்வாயில் துணி துவைக்கிறவள்கூட ஓடிவந்து உட்காருவாள், அந்தக் குரல் கேட்டால் ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதும் இல்லை, எழுந்தால் எலி போய்விடும். அவள் கட்டிய கிளிப்பச்சைச் சேலை, சிவப்புக் கரை, முந்தானை நுனியில் எப்போதும் ஒரு முடிச்சு, முடிச்சுக்குள் ஒரு வெள்ளைச் சிப்பி, கடைசியாக வந்த மாசியில் இந்தக் கரையில் பொறுக்கியது, யாரும் சொல்லிக் கொடுத்த வழக்கம் இல்லை, அவளாகவே, இன்னா புதையல்டி அது என்று கேட்டால், அடுத்த மாசிக்குக் கன்னியம்மாகிட்ட திருப்பித் தர்றேன்னு சொல்லி வாங்கியாந்திருக்கேன், எதுக்குன்னு ஒனக்கெதுக்கு, என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள், எதற்கென்று தேசம்மாவுக்குத் தெரியும், செய்யூர்ப் பக்கத்து ஆதிமூலம் அந்த மாசியில் இரண்டு கூடாரம் தள்ளி உட்கார்ந்து மேளத்தைத் தட்டிக்கொண்டே இவளையே பார்த்துக்கொண்டிருந்தான், தாளம் தப்பித் தப்பி விழுந்தது, அவனுடைய ஆத்தாவே, டேய், மேளத்தப் பாத்து அடிடா, என்று தலையில் குட்டினாள், காசாம்பு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அந்த மாசிக்கு எல்லாரையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் மோகனவேல், இவர்கள் வேலை செய்கிற சவுக்குத் தோப்புக்காரரின் மகன், பஸ்ஸில் இடிபட்டு ஏன் போறீங்க, நானே கொண்டாந்து விடறேன், என்றான், எவ்வளவு நல்ல பையன் என்று அம்மாதான் முதலில் சொன்னாள், அவன் லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு விடியற்காலைக் கல்யாணங்களை எல்லாம் வேடிக்கை பார்த்தான், ஓடிப்போய் வந்த ஒரு ஜோடிக்குக் கிழவர்கள் தாலி எடுத்துக் கொடுத்ததைப் பார்த்து, இது நல்லாருக்கே, ஒரு வருசம் ஆளே காணாமப் போனாலும் யாரும் தேட மாட்டீங்களா, என்று கேட்டான், எதுக்குத் தேடணும், மாசிக்கு வந்துடுவாங்க, என்று ஏழுமலை பெருமையாகச் சொன்னான், எத்தனை பெருமை, அந்தப் பெருமையை அப்படியே அவன் மடியில் எடுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வருஷம் ஐப்பசி, மழை விட்ட ஒரு சாயங்காலம், காசாம்பு தோப்பில் மறந்துவிட்ட அரிவாளை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போகிறாள், போகிறாள், வேலித் திருப்பத்தில் பச்சைச் சேலை மறைகிறது, தேசம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள், ஈர விறகு, கண்ணெல்லாம் புகை, திரும்பிப் பார்த்தபோது வேலிதான் இருந்தது. காலையில் தேசம்மாவும் ஏழுமலையும் ஆற்றோரம் தேடப் போயிருந்த நேரத்தில் மோகனவேல் குடிசைக்கு வந்திருக்கிறான், முறத்தோடு தனியாக உட்கார்ந்திருந்த அம்மாவிடம், ஒம் பொண்ணத் தேடி ஏன் அலையுறீங்க, நேத்து சாயங்காலம் செய்யூர் பஸ்ஸுல ஒரு பையனோட ஏறுனா, என் கண்ணால பாத்தேன், மாசிக்குத்தான் கடலுக்கு வந்துடுவா இல்ல, அங்க தாலியக் கட்டிக் கூட்டியாந்துடுங்க, என்று சொல்லிவிட்டுப் போனான், செய்யூர் என்றதும் ஆதிமூலம், ஆதிமூலம் என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு, கள்ளி, அவளா இப்படி, சொல்லியிருந்தா நாமளே கட்டி வெச்சிருப்போமே, என்று ஏழுமலை தொடையைத் தட்டினான், அம்மா அன்றைக்கே சந்தைக்குப் போய் மஞ்சள் சேலை எடுத்து வந்தாள், தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் விரித்துக் காட்டினாள், கார்த்திகை, மார்கழி, தை, யாரும் தேடவில்லை, அவள் மண்ணுக்குள் கிடக்கக் கிடக்க இவர்கள் மேலே கல்யாணப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாசி வந்தது, கூடாரம் போட்டார்கள், அம்மா மஞ்சள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தாள், ஆதிமூலம் வந்தான், தெற்கிலிருந்து, அலை ஓரமாக, புதுச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, தனியாக வந்தான், கூடாரத்துக்கு முன்னால் கூச்சத்தோடு நின்று, அத்தே, காசாம்பு வரலியா, என்று கேட்டான். அம்மா அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அந்தக் கைக்குள் எங்கேயாவது மகளை ஒளித்து வைத்திருப்பானோ என்பதுபோல. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள், பஸ் ஏறுனான்னு நீங்களே சொல்றீங்க, ஓடிப்போனான்னு ஊரெல்லாம் சேலை காட்டியிருக்கீங்க, இப்ப காணோம்னா எப்படிம்மா, அவன் இல்லாட்டி வேற எவனாவது இருப்பான், என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர், பக்கத்தில் இருந்தவர் சிரித்தார், இவுங்களுக்குத்தான் கடல்ல கல்யாணமாச்சே சார், அடுத்த மாசிக்கு வந்துடுவா, என்றார். மோகனவேலைக் கேட்டார்கள், அவன் கையை விரித்தான், பாத்த மாரி இருந்துச்சு, அவ்ளோதான், என்றான், அடுத்த வருஷம் அதுவும் இல்லை, நான் எங்க பாத்தேன், கெழவிக்குக் கனவு, என்றான். வேறு பிழைப்பு எது, அதே தோப்பில்தான் தேசம்மா சவுக்கு வெட்டினாள், கட்டை பெயர்த்தாள், மற்ற இடமெல்லாம் வெட்டி வெட்டி நட்டார்கள், கிணற்று மூலையில் இருந்த கொஞ்சம் மரத்தை மட்டும் மோகனவேல் வெட்ட விடவில்லை, கெணத்துக்கு நெழல் வேணும், என்பான், அந்தக் கன்றுகளை அவனே நட்டான், தண்ணீரும் அவனே ஊற்றினான், வெயில் வேளையில் தேசம்மா அந்த நிழலில்தான் உட்கார்ந்து கூழ் குடிப்பாள், சவுக்கு இலைக்குள் காற்று நுழைந்தால் கடல் மாதிரியே சத்தம் வரும், கண்ணை மூடினால் மாசி, கண்ணை மூடினால் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து எக்கா என்பார்கள், திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள், எத்தனை மத்தியானம் அவளுக்கு மேலேயே உட்கார்ந்து அவளை நினைத்திருக்கிறாள்.

போன கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது, தோப்புத் தோப்பாகச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனது, வெயில் வந்ததும் விழுந்த மரத்தை அறுத்து அடுக்க ஆள் கூப்பிட்டார்கள், மோகனவேல் வேலியிலேயே நின்றுகொண்டு, கெணத்து மூலைக்கு யாரும் போவாதீங்க, கம்பி அறுந்து கெடக்குது, தொட்டா கருகிடுவீங்க, என்றான், தாலுகா முழுக்கக் கரண்ட் கிடையாது, ஊரே இருட்டில் கிடக்கிறது, கம்பிக்கு மட்டும் எங்கேர்ந்துய்யா கரண்ட் வந்துச்சு, என்று ஏழுமலை சிரித்தான், மோகனவேல் சிரிக்கவில்லை, அந்தச் சிரிக்காத முகத்தைத் தேசம்மா பார்த்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறவளைப்போல நடந்தாள், நடக்கிறாள், இப்போதும் நடக்கிறாள், ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும் அந்தக் குடத்தோடு நடக்கிறாள். கிணற்று மூலையில் ஒரு மரம் வேரோடு சாய்ந்திருக்கிறது, அடி மண் அப்படியே வேரும் மண்ணுமாய் ஆள் உயரத்துக்குச் சுவர்போல எழும்பி நிற்கிறது, அந்தச் சுவரிலிருந்து ஒரு துணி பறக்கிறது, மண் நிறத்துக்குப் போயிருந்தாலும் காற்று தூக்கிய இடத்தில் பச்சை, கரையில் சிவப்பு, வேர்கள் அதை ஊசியும் நூலும்போல உள்ளேயும் வெளியேயும் தைத்து வைத்திருக்கின்றன, வேர்களுக்கு நடுவில் வேர் இல்லாத வெள்ளை, நுனியில் ஒரு முடிச்சு, தொடாமலே தெரிகிறது உள்ளே என்ன இருக்கிறதென்று. குடம் எங்கே விழுந்ததோ, அழுதால் அவன் வந்துவிடுவான், ஓடினால் திரும்பி வருவதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றிவிடுவான், தேசம்மாவின் தொண்டையிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது, அடச்சுக்கோ, அடச்சுக்கோ. அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், கடப்பாரையோடு ஓடிவந்தார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, வந்த வேகத்தில் அந்த வேருக்குச் சுற்றிலும் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். தூரத்திலிருந்து மோகனவேல், எலியாடி புடிக்கிறீங்க, கூலி குடுக்கிறது அதுக்கா, என்று கத்திக்கொண்டு வந்தான், பக்கத்தில் வந்ததும் அவன் குரல் நின்றுபோனது, எழுந்திரிங்க என்றான், எழவில்லை, லாரியைக் கொண்டுவந்து உறுமவிட்டான், எழவில்லை, ஏழுமலை மட்டும் உட்கார்ந்தபடியே, வளைய அடச்சாச்சுய்யா, இனிமே எலி எங்க போவும், என்றான், இருளர் சங்கத்துக்காரருக்குத் தகவல் போய், அவர் தாசில்தாரையும் போலீஸையும் கூட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் வெயில் தலைக்கு மேலேறி இறங்கியது, பிள்ளை பெற்று எழுந்த ஒருத்தி பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்தும் எழுந்திருக்கவில்லை.

தொண்டை எலும்பு முறிந்திருந்தது என்று டாக்டர் சொன்னார், மோகனவேலைக் கொண்டுபோனார்கள், தோப்பில் எவன் எவனோ வந்து போறான், நான் என்னத்தக் கண்டேன், அந்தக் கிழவி வீட்டுப் பக்கமே நான் போனதில்லை, என்று அவன் சாதித்தான், இப்போது ஜாமீனில் வந்து வெள்ளைச் சட்டையோடு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான், எலும்பு யாருடையது என்று பார்க்க அம்மாவின் ரத்தம் வேண்டும் என்றார்கள், சக்கரை பாக்கறாங்கம்மா, என்று சொல்லி விரலை நீட்டச் சொன்னாள் தேசம்மா, அம்மா நீட்டினாள், வலித்ததா என்று கேட்டபோது, பல்லி கடிச்சாப்பல இருக்குது, என்றாள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே சேலை நுனியைப் பிடித்து நிற்கிறவளுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டி வந்து நிற்கிறது, மோகனவேலின் மாமனார், இத்தனை கூட்டத்தில் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, நேராக அம்மாவிடம் குனிந்து, நல்லா இருக்கியா பெரியம்மா, என்கிறார், எந்த நாளும் ஏ கெழவி என்று கூப்பிட்ட வாய், வயசான காலத்துல கோர்ட்டு வாசல்னு அலையாத பெரியம்மா, பச்சச் சேல ஊர் ஒலகத்துல இல்லாததா, எந்தப் பொண்ணோ எவளோ, யாரோ சொன்னாங்கன்னு போய் நின்னு ஒரு குடும்பத்தக் கெடுத்துடாத, என்று இன்னும் என்னவோ சொல்வதற்குள் தேசம்மா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள், அவருக்கே திகைப்பு, தொடாத கையை இவள் தொட்டுவிட்டாள், போய்யா, போயிடுய்யா, என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள், கூடாரக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வருவதைப் பார்த்து அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

திரும்பி வந்தபோது அம்மா அதேபோல் தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், தேசம்மா பக்கத்தில் மண்டியிட்டு, அவன் கெடக்குறான் குடிகாரன், என்னத்தையோ ஒளறிக்கினு போறான், என்று தொடங்குகிறாள், அம்மா அவள் முழங்காலில் கையை வைத்து நிறுத்துகிறாள், கடலைக் கேட்கிறவளைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, முந்தானையில சிப்பி இருந்துச்சாடி, என்று கேட்கிறாள். தேசம்மா மணலை அள்ளுகிறாள், விடுகிறாள், அள்ளுகிறாள், இருந்துச்சும்மா, என்கிறாள். உம், என்றாள் அம்மா. சக்கரைக்கு எதுக்குடி ஒரு போலீஸ்காரப் பொம்பள வந்து நிக்கிறா, பூட்ஸ் சத்தம் எனக்குக் கேக்காதா, என்றாள், நீ எப்ப சொல்லுவ எப்ப சொல்லுவன்னு நானும் ஒன் வாயையே பாத்துக்கினு கெடந்தேன், நீயானா உப்பு போதுமா உப்பு போதுமான்னு கேக்கற. தேசம்மா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குகிறாள், மஞ்சள் சேலைப் பை கன்னத்தில் சொரசொரவென்று உறுத்துகிறது, அம்மா அழவில்லை, அழுது முடித்துவிட்ட குரலில், அவன் சொன்னது ஒண்ணு விடாம எனக்கு ஞாபகம் இருக்குது, என்கிறாள், முறத்துல கேவுரு இருந்துச்சு, அவன் செருப்பக் கழட்டாம நின்னான், செய்யூர் பஸ்ஸுன்னான், மாசிக்கு வந்துடுவான்னான், சொல்றப்ப ஒரு கையாலயே இன்னொரு கைய மூடிக்கினு இருந்தான், நெகக்கீறலு, முள்ளு கீறிடுச்சுன்னான், நான் மஞ்சத்தூள் வெச்சு வுட்டேண்டி, என் கையால வெச்சு வுட்டேன். அந்தக் கை காற்றில் அப்படியே நிற்கிறது, விரலை மடக்காமல், இன்னும் அந்த மஞ்சள் ஒட்டிக்கொண்டிருப்பதைப்போல. திங்கக்கெழம எத்தினி மணிக்கு, என்று கேட்கிறாள், காலையிலம்மா, என்கிறாள் தேசம்மா, கூட்டிக்கினு போ, நின்னு சொல்றேன், நெஞ்சு வலிச்சா வலிக்கட்டும், சொல்லிட்டு வலிக்கட்டும்.

பிறகு அம்மா தானே பையைத் திறந்தாள், மஞ்சள் சேலையை எடுத்தாள், இத்தனை வருஷம் மடித்தே கிடந்ததில் மடிப்பு வாகில் கோடு கோடாய் வெளுத்திருந்தது, விரிச்சுப் புடி, என்றாள், எதுக்கும்மா, தெக்குப் பக்கம் கட்டு, இனிமே அது எதுக்குத் தெறந்து கெடக்கணும், வர்றவ வந்துட்டா. தேசம்மா ஒரு நுனியைக் கொம்பில் கட்டுகிறாள், அம்மா தடவித் தடவிப் போய் இன்னொரு நுனியைத் தானே கட்டுகிறாள், கண் தெரியாத கை போட்ட முடிச்சு இறுக்கமாக விழுகிறது, நாலு பக்கமும் மூடிக்கொள்கிறது, உள்ளே மஞ்சள் வெளிச்சம், கல்யாண வீட்டு வெளிச்சம், வெளியே ஆதிமூலத்தின் மேளமோ வேறு யாருடையதோ தாளம் தப்பாமல் கேட்கிறது, காற்று கடலிலிருந்து எழுந்து வந்து சேலைக்குள் புகுகிறது, புடைத்து, தோள் வந்து, இடுப்பு வந்து, யாரோ ஒருத்தி வந்து நிற்கிறாள், இந்த முறை முதுகைக் காட்டிக்கொண்டு இல்லை, அம்மா இரண்டு கையையும் நீட்டி அந்தச் சேலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இருடி, என்கிறாள், திங்கக்கெழம வரைக்கும் இரு.